உணவும் தீவனமும்: மரபணு மாற்றுப் பயிர்களின் பாதுகாப்பு மதிப்பீட்டில் ஒரு வேலியின் வரலாறு

பருத்தி ஆடைக்கான பயிர் என்றே நூல்கள் பெரும்பாலும் குறிக்கின்றன. பஞ்சைப் பிரித்தபின் எஞ்சும் கொட்டைக்கும் ஒரு வாழ்வு உண்டு என்பதை உழவர் வீடுகள் அறியும். ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை கறவை மாட்டின் தொட்டிக்குச் செல்லும். ஆலையில் பிழிந்தால் எண்ணெய் ஒருபுறமும் புண்ணாக்கு மறுபுறமும் பிரியும். அதே கொட்டையை இரவு முழுவதும் ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, வடிகட்டி, அரிசி மாவும் வெல்லமோ கருப்பட்டியோ சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சினால், அது மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டியில் விற்கும் பருத்திப்பால் ஆகிறது. மாட்டுத் தொட்டிக்கும் மனிதக் குவளைக்கும் செல்வது ஒரே விதைதான்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் வடிவம் பெற்ற மரபணு மாற்றுப் பயிர்களின் பாதுகாப்பு மதிப்பீடு, இவ்வாறு இருவழிச் செல்லும் விதைகளை எவ்வாறு எதிர்கொண்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். உணவு என்பதும் தீவனம் என்பதும் ஒரு விதையின் இயல்புகள் அல்ல. அவ்விதை செல்லும் வழிகளுக்கு மனிதர் இட்ட பெயர்களே. ஆயினும் அப்பெயர்களை வேலியாகக் கொண்டு, ஒருபுறம் அனுமதியும் மறுபுறம் தடையும் வழங்கலாம் எனச் சட்டம் ஒரு காலத்தில் நம்பியது. அந்நம்பிக்கை எழுந்ததும் உடைந்ததும் அமெரிக்காவில். அதன் எச்சங்கள் இந்தியப் பருத்திக் காட்டிலும் காணக்கிடக்கின்றன.

ஒப்பிடும் முறையின் தோற்றம்

மருந்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் உணவில் சேர்க்கப்படும் வேதிப்பொருள்களுக்கும் நச்சியல் ஆய்வு முறைகள் முன்பே இருந்தன. ஒரு வேதிப்பொருளை எலிக்கு மிகுந்த அளவில் கொடுத்து, தீங்கு தோன்றாத அளவைக் கண்டறிந்து, அதனைப் பெரும்பாலும் நூறால் வகுத்து மனிதருக்கான எல்லையை வகுப்பது அம்முறையின் சாரம். முழு உணவுப்பொருளை இவ்வாறு சோதிக்க இயலாது. மனிதர் உண்பதைப் போல நூறு மடங்கு தக்காளியை ஓர் எலியின் வயிறு ஏற்காது. ஏற்கச் செய்தாலும், எலியின் உணவு தக்காளியால் மட்டுமே நிறைந்து, பிற ஊட்டங்கள் குறைந்து, அதனால் விளையும் நோயையே ஆய்வாளர் அளக்க நேரும்.

இச்சிக்கலுக்கு விடையாக ஒப்பீட்டு முறை எழுந்தது. உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் 1990இல் ஜெனீவாவில் கூட்டிய அறிஞர் கூட்டம் அதற்கு அடியிட்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1992 மே மாதம் புதிய பயிர் வகைகளிலிருந்து பெறும் உணவுகள் குறித்த தன் கொள்கையை வெளியிட்டது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1993இல் வெளியிட்ட அறிக்கை, 'கணிசமான ஒப்புமை' என்று தமிழில் சுட்டத்தக்க கோட்பாட்டை நிலைநிறுத்தியது. நெடுங்காலமாக மக்கள் உண்டு பழகிய மரபுப் பயிரை அளவுகோலாகக் கொள்க. புதிய பயிரை அதன் அருகில் வைத்து ஊட்டப்பொருள்களையும் இயற்கை நச்சுகளையும் அளந்து ஒப்பிடுக. வேறுபாடு தென்படும் இடத்தில் ஆய்வைக் குவிக்க. கோட்பாட்டின் உள்ளடக்கம் இவ்வளவே.

இதன் வலிமை எளிது. மரபுப் பயிர்களும் குற்றமற்றவை அல்ல என்னும் உண்மையை அது ஒப்புக்கொள்கிறது. உருளைக்கிழங்கில் சொலனினும் பருத்தி விதையில் காசிபாலும் இயல்பாகவே உண்டு. புதிய பயிரில் அவை மிகுந்துள்ளனவா என்பதே கேள்வி. குறை நுட்பமானது. எவருக்கான ஒப்புமை, எந்த வகைப் பயன்பாட்டில் ஒப்புமை என்பதை ஒப்பீடு தானாகச் சொல்லாது. பருத்தி விதையை மாட்டுத் தீவனமாக ஒப்பிடுவதும் குழந்தை பருகும் பானமாக ஒப்பிடுவதும் ஒன்றல்ல.

மனித உணவாகச் சந்தைக்கு வந்த முதல் மரபணு மாற்றுப் பயிரான ஃப்ளேவர் சேவர் தக்காளியில் இச்சிக்கல் எழவில்லை. கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரத்துக் கால்ஜீன் நிறுவனம் உருவாக்கிய அத்தக்காளிக்கு 1994 மே மாதம் இசைவு கிடைத்தது. விரைவில் அழுகாமை அதன் பண்பு. அதில் அடையாளத்துக்கெனச் சேர்க்கப்பட்டிருந்த நோயுயிர் எதிர்ப்பு மரபணு குறித்தே வினாக்கள் மிகுந்தன. தக்காளி மனிதர் உண்பது என்பதில் எவருக்கும் ஐயமில்லை. சில ஆண்டுகளிலேயே அது வணிகத்தில் தோற்று மறைந்தது. அத்தோல்விக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை.

கோழிக்கென எண்ணிய சோயா

வேலியின் முதல் சோதனை ஆய்வகத்திலேயே நிகழ்ந்தது. அதனால்தான் அது நல்ல முடிவை எட்டியது.

சோயா புரதம் மிக்கது; ஆனால் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலம் அதில் குறைவு. கோழித் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கைச் சேர்ப்போர் மெத்தியோனினைத் தனியே வாங்கிக் கலக்க வேண்டியிருந்தது. பயனியர் ஹைபிரெட் என்னும் அமெரிக்க விதை நிறுவனம் இக்குறையைச் சோயாவுக்குள்ளேயே தீர்க்க முயன்றது. மெத்தியோனின் நிறைந்த புரதம் ஒன்று பிரேசில் கொட்டையில் உண்டு. அப்புரதத்துக்குரிய மரபணுவைச் சோயாவில் சேர்த்தனர். நோக்கம் முழுவதும் தீவனம் சார்ந்தது.

பிரேசில் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் என்பது அறியப்பட்ட செய்தி. அதன் எந்தப் புரதம் ஒவ்வாமைக்குக் காரணம் என்பதே தெளிவாகாதிருந்தது. நெப்ராஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிரேசில் கொட்டை ஒவ்வாத ஒன்பது பேரின் குருதிநீரைக் கொண்டு சோதித்தனர். எட்டுப் பேரின் குருதிநீரிலிருந்த எதிர்ப்புப் பொருள்கள், புதிய சோயாவிலிருந்த அப்புரதத்தைப் பற்றிக்கொண்டன. மூவருக்குத் தோலில் குத்திப் பார்த்த சோதனையிலும் புதிய சோயா தடிப்பை எழுப்பியது. பழைய சோயா எழுப்பவில்லை. முடிவுகள் 1996 மார்ச்சில் புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளிவந்தன. நிறுவனம் அதற்கு முன்பே அம்முயற்சியைக் கைவிட்டிருந்தது.

மரபணு மாற்றுப் பயிர்களை ஆதரிப்போர் இந்நிகழ்வை மதிப்பீட்டு முறையின் வெற்றியாகவும், எதிர்ப்போர் தொழில்நுட்பத்தின் அபாயத்துக்குச் சான்றாகவும் இன்றளவும் காட்டுகின்றனர். இரு தரப்பும் கடந்துசெல்லும் செய்தி ஒன்று உண்டு. கோழிக்கென உருவாக்கிய சோயாவை நிறுவனம் ஏன் கைவிட வேண்டும்? கோழிக்குப் பிரேசில் கொட்டை ஒவ்வாமை பற்றிய கவலை இல்லை. தீவனத்துக்கு மட்டும் என அனுமதி கேட்டிருக்கலாம். கேட்காததன் காரணம், அந்தச் சோயா மனிதர் உண்ணும் சோயாவோடு கலக்காமல் காக்க முடியும் என்னும் உறுதி இல்லாமையே. வணிகம் நடத்துவோருக்குச் சேமிப்புக் கிடங்கு எத்தகையது எனத் தெரியும். இரண்டே ஆண்டுகளில் மற்றொரு பயிருக்கு அரசு முகமை ஒன்று அவ்வுறுதி இருப்பதாகக் கொண்டு அனுமதி தந்தது என்பதே இவ்வரலாற்றின் முரண்.

ஸ்டார்லிங்க்: 1998 முதல் 2008 வரை

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியா, சில பூச்சிகளின் குடலைத் துளைக்கும் புரதங்களைத் தோற்றுவிக்கிறது. அவற்றின் பெயர்ச் சுருக்கமே 'பிடி'. இப்புரதங்களுக்கு உரிய மரபணுக்களை மக்காச்சோளத்திலும் பருத்தியிலும் சேர்க்கும் முயற்சிகள் 1990களில் பெருகின. அவற்றுள் மிகுதியானவை, மனித இரைப்பை நீரை ஒத்த கரைசலில் விரைவாகச் சிதைந்துவிடுவன. ஒவ்வாமை ஊட்டும் உணவுப் புரதங்களுள் பல செரிமானத்துக்கும் வெப்பத்துக்கும் எளிதில் இளகாதவை. எனவே விரைவான சிதைவு நற்குறியாகக் கொள்ளப்பட்டது.

ஸ்டார்லிங்க் எனப் பெயரிட்ட மக்காச்சோளத்தில் இருந்த கிரை9சி புரதம் இதற்கு மாறானது. அது வெப்பத்தைத் தாங்கியது. செயற்கை இரைப்பை நீரிலும் நெடுநேரம் நின்றது. பூச்சியின் குடலில் நொதிகள் அதனை வெட்டிவிடாதிருக்க, அதன் அமினோ அமிலம் ஒன்றே மாற்றியமைக்கப்பட்டிருந்தது. பூச்சியை வெல்லும் பொருட்டுச் செய்த அந்நிலைப்பே மனித உணவு மதிப்பீட்டில் ஐயத்தை எழுப்பியது. அறியப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களோடு அதற்கு வரிசை ஒற்றுமை தென்படவில்லை. எனினும் ஐயம் தீரவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998 மே மாதம் இடைவழி ஒன்றைக் கண்டது: கால்நடைத் தீவனத்துக்கும் எரிசாராயம் போன்ற தொழில் பயன்களுக்கும் இசைவு, மனித உணவுக்கு இசைவில்லை.

அந்த இசைவோடு வேலிக்கான விதிகளும் வந்தன. ஸ்டார்லிங்க் வயலைச் சுற்றி 660 அடி அகலத்துக்கு வேறு மக்காச்சோளம் பயிரிட்டு, அதனையும் ஸ்டார்லிங்க் போலவே தீவனத்துக்கு ஒதுக்க வேண்டும். உழவரிடம் எழுத்து உடன்பாடு பெற வேண்டும். அறுவடை தனியே சேமிக்கப்பட வேண்டும். தாளில் இவை போதுமானவையாகத் தோன்றின. 2000இல் ஸ்டார்லிங்க் பயிரிட்ட பரப்பு ஏறத்தாழ 3.4 லட்சம் ஏக்கர். நாட்டின் மக்காச்சோளப் பரப்பில் நூற்றுக்கு ஒன்றினும் குறைவு.

வேலியின் மறுபக்கத்தை அறிய அமெரிக்க நடுமேற்கின் தானியக் கிடங்குகளை நோக்க வேண்டும். பல உழவரின் வண்டிகள் ஒரே வாயிலில் கொட்டும். கொட்டிய தானியம் ஒரே தூக்கியில் ஏறி ஒரே உயரமான உருளைக்குள் விழும். அங்கே தரம், ஈரம், எடை ஆகியவை பார்க்கப்படும். புரதத்தைப் பார்ப்பவர் எவருமில்லை. வயலிலோ மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் செல்வது. மஞ்சள் மக்காச்சோளத்துக்கு 'தீவன மக்காச்சோளம்' என்றொரு தனி நிறமோ வடிவமோ கிடையாது. தமக்கு இக்கட்டுப்பாடு சொல்லப்படவே இல்லை என்று பின்னர்ச் சில உழவர் கூறினர். சொல்லியிருந்தாலும், கிடங்கின் வாயிலில் அச்சொல்லால் என்ன பயன் என்பது வேறு வினா.

2000 செப்டம்பர் 18 அன்று, சூழலியல் மற்றும் நுகர்வோர் அமைப்புகளின் கூட்டணி ஒன்று, கடையில் விற்கும் டாக்கோ ஓடுகளில் ஸ்டார்லிங்கின் மரபணுத் துண்டு இருப்பதாக அறிவித்தது. மக்காச்சோள மாவை மடித்துப் பொரித்த மெக்சிக்க வகை உணவு அது. மாவு டெக்சாஸ் மாநில ஆலை ஒன்றில் அரைக்கப்பட்டது. சோதனை அயோவாவின் ஃபேர்ஃபீல்டு நகர ஆய்வகம் ஒன்றில் நடந்தது. தேடிக் கண்டவை அரசு நிறுவனங்கள் அல்ல என்பது குறிக்கத்தக்கது. சில நாள்களில் க்ராஃப்ட் நிறுவனம் அவ்வோடுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. தொடர்ந்து ஏறத்தாழ முந்நூறு உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. பயிருக்கு உரிமையுடைய அவென்டிஸ் நிறுவனம் அக்டோபரில் தன் பதிவைக் கைவிட்டது. ஜப்பானுக்குச் சென்ற ஏற்றுமதிச் சரக்கிலும் அது தென்பட்டது. நவம்பரில், ஸ்டார்லிங்க் எனப் பெயரிடப்படாத வேறொரு வீரிய ஒட்டு விதையிலும் கிரை9சி புரதம் கண்டறியப்பட்டது. கலப்பு கிடங்கில் மட்டுமன்றி விதையிலேயே நேர்ந்திருந்தது என்பதை அது காட்டியது.

இச்செய்தி பரவியபின், மக்காச்சோள உணவு உண்டு ஒவ்வாமை கண்டதாகப் பலர் முறையிட்டனர். நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் அவற்றை ஆராய்ந்து, 28 பேரின் நிலை ஒவ்வாமையோடு பொருந்தலாம் எனக் கொண்டன. அவர்களுள் 17 பேரின் குருதி சோதிக்கப்பட்டது. கிரை9சி புரதத்துக்கான எதிர்ப்புப் பொருள் எவரிடமும் காணப்படவில்லை என 2001 ஜூன் மாத அறிக்கை கூறியது. இதனைக் கொண்டு ஸ்டார்லிங்க் தீங்கற்றது என மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறுவோர் உண்டு. முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு அவ்வளவு தூரம் செல்லவில்லை. சோதனைக்குப் பயன்பட்ட புரதம் மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று, பாக்டீரியாவில் உருவாக்கப்பட்டது என்பதை அது சுட்டியது. உணவில் இவ்வளவு கிரை9சி இருக்கலாம் என ஓர் எல்லை வகுக்கத் தரவு போதாது என்றும் அக்குழு கருதியது. ஆகவே, தீங்கு நேர்ந்ததென நிறுவப்படவில்லை என்பதே சான்று அனுமதிக்கும் கூற்று. தீங்கே இல்லை என நிறுவப்பட்டதாகச் சொல்வது சான்றை மீறுவதாகும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பொதுவிவாதம் பெரும்பாலும் மதிப்பதில்லை.

நிர்வாகத்துக்கு இதில் ஐயம் எழவில்லை. மனித உணவுக்கு ஏற்றதெனக் கருதாத பயிருக்குத் தீவன அனுமதி மட்டும் தருவதில்லை என முகமை 2001இல் முடிவு செய்தது. தானிய வணிகர்கள் தொடர்ந்து இலட்சக்கணக்கான சரக்குகளைச் சோதித்தனர். புரதத்தின் அளவு மிகக் குறைந்துவிட்டதால் சோதனை இனித் தேவையில்லை என 2008இல் அறிவிக்கப்பட்டது. மூன்று பருவங்கள் மட்டுமே விளைந்த பயிரைத் தேடிக் களைய அதற்குப் பின் ஏழெட்டு ஆண்டுகள் ஆயின.

2003: ஒரே ஆண்டில் இரு முடிவுகள்

ஸ்டார்லிங்க் நிகழ்ந்த காலத்திலேயே ஜப்பானின் சிபா நகரில் பன்னாட்டுப் பணிக்குழு ஒன்று கூடத் தொடங்கியிருந்தது. கோடெக்ஸ் உணவுத்தர ஆணையம் அமைத்த அக்குழுவின் வழிகாட்டி நெறிகள் 2003இல் ஏற்கப்பட்டன. இன்று உலகின் பெரும்பாலான நாடுகள் பின்பற்றும் மதிப்பீட்டு வரிசை இதில்தான் தெளிவாக எழுதப்பட்டது. சேர்க்கப்பட்ட மரபணு எங்கிருந்து வந்தது, பயிரின் மரபுத்தொகுதியில் எங்கு அமர்ந்தது, எந்தப் புரதத்தைத் தோற்றுவிக்கிறது என்பன முதல் வினாக்கள். அப்புரதத்தின் 80 அமினோ அமிலத் தொடர் எதிலேனும், அறிந்த ஒவ்வாமைப் புரதத்தோடு நூற்றுக்கு 35க்கு மேல் ஒற்றுமை உண்டா என்பது அடுத்தது. செரிமானச் சோதனை, ஊட்டம் மற்றும் நச்சுகளின் அளவு, பதப்படுத்துவதால் விளையும் மாற்றம் எனத் தொடரும். ஒற்றைச் சோதனை எதுவும் தீர்ப்பாகாது. சான்றுகளின் மொத்த எடையே தீர்ப்பு. கிரை9சி தந்த பாடம் இவ்வரிகளுக்கு இடையே தெளிவாகத் தெரிகிறது.

ஆயினும் அந்நெறி கால்நடைத் தீவனத்தைத் தன் எல்லைக்கு வெளியே வைத்தது. மனித உணவே ஆணையத்தின் பொருள் என்னும் நிறுவனக் காரணம் அதற்கு உண்டு.

அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் எதிர்த்திசையில் சென்றது. அதன் 1829/2003 எண்ணுள்ள ஒழுங்குமுறை, தலைப்பிலேயே உணவையும் தீவனத்தையும் இணைத்தது. இரு வழியிலும் செல்லக்கூடிய பயிருக்கு ஒரே விண்ணப்பம், ஒரே மதிப்பீடு. ஒன்றுக்குத் தகாதது மற்றதற்கும் இல்லை. தீவன மூட்டைக்கும் அடையாளச் சீட்டு கட்டாயம். தற்செயலான கலப்புக்கு நூற்றுக்கு 0.9 எல்லை. பின்னர் 2013இல் எலிகளுக்கு 90 நாள் முழு உணவு ஊட்டும் சோதனையும் கட்டாயமாக்கப்பட்டது. எலி வயிற்றின் எல்லை குறித்த பழைய சிக்கல் தீராமலே இச்சோதனை வந்தது என்பதால், அறிவியல் தேவையைவிட மக்கள் நம்பிக்கையின் தேவையே இதற்குக் காரணம் எனக் கருத இடமுண்டு. மற்றொன்றையும் சொல்லவேண்டும். மரபணு மாற்றுத் தீவனம் உண்ட மாட்டின் பாலுக்கும் கோழியின் முட்டைக்கும் ஐரோப்பாவில் அடையாளச் சீட்டு கிடையாது. களைந்த வேலி கொட்டிலின் வாசலில் மீண்டும் ஊன்றப்பட்டது.

இந்தியப் பருத்தி

இந்தியாவில் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இன் கீழ் 1989 டிசம்பரில் வகுத்த விதிகளே மரபணு மாற்றுப் பயிர்களை ஆள்கின்றன. அவற்றின்படி அமைந்த மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு, 2002 மார்ச் 26 அன்று மூன்று பிடி பருத்தி வீரிய ஒட்டுகளுக்கு இசைவளித்தது. கிரை1ஏசி என்னும் புரதம் அவற்றில் இருந்தது. கிரை9சி போலன்றி, இது செயற்கை இரைப்பை நீரில் விரைவாகச் சிதைவது.

பருத்தி நாரிழைப் பயிர் என்றாலும் தீவனச் சோதனைகள் விடுபடவில்லை. லக்னோவில் ஆடுகளுக்கும், கர்னாலின் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பசுக்களுக்கும், பந்த்நகரில் எருமைகளுக்கும், இஜ்ஜத்நகரில் கோழிகளுக்கும், மும்பையில் மீன்களுக்கும் பிடி பருத்தி விதையோ அதன் புண்ணாக்கோ கொடுத்துப் பார்த்தனர். மரபு விதை உண்டவற்றிலிருந்து குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது முடிவு. மனிதர் உண்பதாகக் கருதப்பட்டது எண்ணெய். செம்மை செய்த எண்ணெயில் புரதம் எஞ்சுவதில்லை. ஆகவே ஐயத்துக்கு இடமில்லை. அக்கருத்து எண்ணெயைப் பொறுத்தவரை சரியானதே.

இச்சோதனைகளின் வரிசையில் விலங்குகள் ஐந்தும் வாழும் இந்தியா தெரிகிறது. ஆனால் அவை உண்ணும் முறை முழுவதும் தெரியவில்லை. பஞ்செடுத்த பருத்திக் காட்டில் ஆடுகளை மேயவிடுவது தக்காண ஊர்களின் வழக்கம். இலையும் காயும் தண்டும் ஆட்டின் வயிற்றுக்குச் செல்லும். ஆந்திரத்தின் வாரங்கல் பகுதியில் 2006இல் அவ்வாறு மேய்ந்த ஆடுகள் இறந்ததாகப் புகார் எழுந்தபோது, பிடி புரதமே காரணம் என்பதற்குச் சான்றில்லை என ஒப்புதல் குழு கருதியது. அம்முடிவை மறுக்கப் போதிய ஆய்வு வெளிவரவில்லை. எனினும் கொட்டிலில் விதை தின்ற ஆட்டை ஆராய்ந்த கோப்பு, காட்டில் இலை தின்ற ஆட்டுக்கு உடனடி விடையாக அமையவில்லை. முறையான ஆய்வு முன்பே நடந்திருப்பின் ஆயர்களிடம் அச்சமும் அத்துணை எளிதில் பரவியிராது.

கத்தரிக்காய்க்கு நிலைமை வேறாக இருந்தது. அதே கிரை1ஏசி மரபணு சேர்த்த கத்தரி வகைகளின் உருவாக்கத்தில் கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பங்கேற்றது. 2009 அக்டோபரில் ஒப்புதல் குழு அதனைப் பரிந்துரைத்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்கள் கருத்தைக் கேட்டு, 2010 பிப்ரவரி 9 அன்று காலவரையின்றி நிறுத்திவைத்தார். அவ்வேழு நகரங்களில் ஒன்றும் தமிழ்நாட்டில் இல்லை. வங்காளதேசம் அதே கத்தரிக்கு 2013இல் இசைவு தந்தது. கத்தரிக்காய் குழம்பில் நேரே விழும் பொருள் என்பதால் நாடெங்கும் வாதம் எழுந்தது. இந்தியப் பருத்திப் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடி விதையான காலத்தில், அதன் கொட்டை எண்ணெயாகவும் புண்ணாக்காகவும் அடுக்களைக்கும் கொட்டிலுக்கும் சென்றுகொண்டிருந்தது. அது குறித்து அத்தகைய வாதம் எழவில்லை. பயிரின் பெயர் செய்த வேலை அது.

மதுரைப் பருத்திப்பாலை இவ்விடத்தில் மீண்டும் எண்ண வேண்டும். அது எண்ணெய் அன்று. கொட்டையின் புரதம் அதில் உண்டு. தீவனமும் அன்று. மேலே கூறிய சோதனைகளில் எதுவும் அதனை நேரே தொடவில்லை. அதனால் அப்பானம் தீங்குடையது என்பது பொருளன்று. கிரை1ஏசி எளிதில் செரிப்பது. பருத்திப்பாலோ கொதிக்கக் காய்ச்சப்படுவது. பருத்திக்கொட்டையின் பழைய ஆபத்து காசிபால் என்னும் இயற்கை நச்சே. சீனத்தில் செம்மை செய்யாத பருத்தி எண்ணெயை உண்ட ஊர்களில் ஆண்களிடம் மலட்டுத்தன்மை தோன்றியதன் காரணத்தைத் தேடியபோதே அதன் அவ்விளைவு வெளிப்பட்டது. அசைபோடும் மாடுகள் அதனை ஓரளவு தாங்கும். கோழியும் மனிதரும் அவ்வாறு தாங்குவதில்லை. மரபு விதையோடு ஒப்பிட்டுப் புதிய விதையில் காசிபால் மிகவில்லை என அறிவது மாட்டுக்குப் போதும். மரபு விதையே எவ்வளவு பருகத்தக்கது என்பது அவ்வொப்பீட்டில் எழாத வினா. அதற்கு விடை ஆய்வகத்தில் அன்று, ஊறவைத்து வடிகட்டிக் காய்ச்சும் கைப்பழக்கத்தில்தான் இதுவரை இருந்துவருகிறது. அக்கைப்பழக்கம் காசிபாலை எவ்வளவு குறைக்கிறது என்பது தமிழ்நாட்டு ஆய்வகங்கள் அளந்து பதிவுசெய்யத்தக்க பொருள்.

இதற்கிடையே அமெரிக்காவில் பருத்தி விதை வேறொரு வாயிலை அடைந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் தலைமையிலான குழு, காசிபாலைத் தோற்றுவிக்கும் மரபணுவை விதையில் மட்டும் அடக்கியது. இலையிலும் தண்டிலும் காசிபால் நின்று பூச்சிகளைத் தடுக்கும். விதையில் மிகக் குறையும். அமெரிக்க வேளாண் துறை 2018 அக்டோபரில் அப்பயிரைக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்தது. உணவு மருந்து நிர்வாகம் 2019 அக்டோபரில் தன் மதிப்பீட்டை முடித்தபோது, மனித உணவு, கால்நடைத் தீவனம் என இரண்டுக்கும் சேர்த்தே இசைவு தெரிவித்தது. மனிதர் உண்ணத்தக்க பருத்தி விதை கிடைத்துவிட்டதாகச் செய்தித்தாள்கள் எழுதின. வைகைக் கரையில் அச்செய்தியைப் படித்தோர் கையில் அன்று மாலையும் சுக்கு மணக்கும் பருத்திப்பால் இருந்திருக்கலாம்.